கருக்கை அவிழ்த்துவிடும் நாள்

செங்காட்டூர்ப் பாளையத்தில் எத்திலப்பனைத் தெரியாதவர் கிடையாது. எப்பேர்ப்பட்ட முரட்டுக் குதிரையும் அவர் கைபட்டால் வழிக்கு வந்துவிடும். வராத ஒரு குதிரை அவரைத் தூக்கி எறிந்தது. இடது கால் முறிந்து, கட்டு அவிழ்த்தபோது அவரால் நடக்க முடிந்தது, குதிரை ஏற முடியவில்லை.

பாளையக்காரர் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"பொம்மக்காகிட்டப் போய் நாய் பழக்கக் கத்துக்கோ. வர்ற பாரிவேட்டையில உன் கையால ஒரு நாயை அவிழ்த்துவிடணும். முடியலேன்னா உன் ஊருக்குப் போயிரு. சும்மா உக்காந்திருக்க இங்க யாருக்கும் இடமில்லே."

பொங்கல் கழிந்த மறுநாள் பாளையமே திரண்டு காட்டில் இறங்குவதுதான் பாரிவேட்டை. அப்போது சித்திரை மாதம். எத்திலப்பனுக்கு ஊர் என்று பேருக்கு ஒன்று இருந்ததே தவிர, அங்கே வீடுமில்லை, வா என்று சொல்ல ஆளுமில்லை. ஐம்பது வயதுக்கு மேல் அவர் எங்கே போவார்?

வேட்டைநாய்க் கொட்டடி பொம்மக்காவின் பொறுப்பில் இருந்தது. எத்திலப்பனைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. முயலுக்குப் பின்னால் பறந்துகொண்டிருக்கும் நாய், அவள் ஒருமுறை நாக்கைச் சொடுக்கினால் போதும், அப்படியே வளைந்து திரும்பி வந்து அவள் காலடியில் நிற்கும். அதைப் பார்க்கவென்றே பக்கத்துப் பாளையங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பாளையத்தின் கோட்டை, கொடி எல்லாவற்றையும்விட அதுதான் பார்க்க வேண்டிய காட்சி.

பால் மறந்த ஒரு பெட்டைக்குட்டியை அவள் எத்திலப்பனிடம் கொடுத்தாள். காய்ந்த பனைமட்டை நிறம். கருக்கு என்று பேர் வைத்தார்.

"எப்ப ஆரம்பிக்கலாம், தாயி?"

"எதை, அண்ணே?"

"பழக்கத்தை."

"இப்ப வேண்டாம். கூட்டிக்கிட்டு நடங்க."

"எங்க நடக்க?"

"அது போற பக்கம் நடங்க."

எத்திலப்பன் நடந்தார். காற்றாய்ப் போகும் குதிரைகளைக் கட்டி ஆண்டவர், ஒரு நாய்க்குட்டி மோந்து பார்க்கும் எறும்புப் புற்றுக்கெல்லாம் நின்று நின்று நடந்தார். லாயத்துப் பையன்கள் சும்மா விடுவார்களா?

"என்ன மாமா, குட்டி உங்களை நல்லாப் பழக்குதா?"

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பொம்மக்காவும் அதையேதான் செய்தாள். தன் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வரப்போடு போவாள். திடீரென்று ஓர் உடைமரத்துக்குப் பின்னால் குத்தவைத்து ஒளிந்துகொள்வாள். குட்டிகள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். கொஞ்சநேரம் கழித்து எழுந்து வந்து சேர்ந்துகொள்வாள். பெரிய தொழில்காரி இப்படிச் சின்னப்பிள்ளை மாதிரி ஒளிந்து விளையாடுகிறாளே என்று அவருக்குத் தோன்றியது. மரியாதைக்காகக் கேட்காமல் இருந்தார்.

ஆவணி பிறந்தது. பாளையக்காரரின் மைத்துனர் தன் வீட்டுக் குட்டிகளுக்கு முயல்தோலைக் கயிற்றில் கட்டி இழுத்து, ஓடப் பழக்க ஆரம்பித்துவிட்டார் என்று சேதி வந்தது. அவையும் கருக்கோடு ஒரே மாதத்தில் பிறந்தவை. எத்திலப்பன் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, அதன் வாயைப் பிளந்து காட்டினார்.

"பாருங்க தாயி. பால்பல்லு ஒண்ணு மிச்சமில்லே. கோரைப்பல் நாலும் ஊணிருச்சு."

"பல்லு நல்லாருக்கு."

"குதிரையா இருந்தா பல்லைப் பாத்து நாள் குறிச்சிருப்பேன்."

"குதிரை ஓடுறப்ப முதுகுல ஆளு இருக்காரு, அண்ணே. இது ஓடுறப்ப கூட யாரு இருக்கா?"

எத்திலப்பனுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. பல் பார்த்துத் தப்பாத கண் தன்னுடையது என்ற நினைப்பு அவருக்கு நிறையவே இருந்தது.

புரட்டாசியில் ஒருநாள் காலை, யாரிடமும் சொல்லாமல் கருக்கை வடக்குத் தரிசுக்கு ஓட்டிப் போனார். அவர் காலடியிலிருந்தே ஒரு முயல் கிளம்பியது. கயிற்றை விட்டுவிட்டார்.

அடடா, என்ன ஓட்டம் அது! யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்தக் குட்டி முதுகை வளைத்து நீட்டி, மண்ணைத் தொட்டும் தொடாமலும் போனது. முயல் ஒடித்துத் திரும்பினால் அதுவும் ஒடித்துத் திரும்பியது. எத்திலப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனையோ குதிரைகள் பார்த்தவர், நின்ற இடத்தில் கையைத் தட்டினார்.

முயல் மேட்டைத் தாண்டியது. கருக்கும் தாண்டியது.

கூப்பிட்டார். சீட்டி அடித்தார். தொண்டை கட்டும்வரை கத்தினார், கடைசியில் கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக் கத்தினார். மேட்டில் ஏறிப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒன்றுமில்லை.

நொண்டிக்கொண்டே கொட்டடிக்கு வந்து நடந்ததைச் சொன்னார். பொம்மக்கா கையிலிருந்த கூழ்ச்சட்டியைக் கீழே வைத்தாள்.

"எந்த இடத்துல விட்டீக?"

"வடக்குத் தரிசுல."

"வாங்க."

அவர் கயிற்றை விட்ட அதே இடத்தில் அவரை உட்காரச் சொன்னாள். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தரையில் விரிக்கச் சொன்னாள்.

"நான் தேடிப் போறேன், தாயி."

"போகாதீக. அது உங்களை விட்டுட்டுப் போனது இங்கதான். திரும்பி வந்தா இங்கதான் வரும். வர்றப்ப நீங்க இல்லேன்னா?"

வெயில் ஏறியது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை அவரைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"நாலு வார்த்தை ஏசிருங்க."

"ஏசினா குட்டி வந்துருமா?"

பொழுது சாயும் நேரம் மேட்டில் அது தெரிந்தது. முன்காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தது. இவர்களைப் பார்த்ததும் தூரத்திலேயே நின்றுவிட்டது. எத்திலப்பன் துள்ளி எழப் போனார்.

"எந்திரிக்காதீக. கூப்பிடவும் வேண்டாம்."

"ஏன்?"

"காலையில கூப்பிட்டீகள்ல. அந்தக் குரல் இன்னும் அது காதுல இருக்கும்."

அவர் உட்கார்ந்தார். கருக்கு நாலடி வந்தது, நின்றது. இன்னும் நாலடி வந்தது. துண்டை மோந்து பார்த்தது. பிறகு அவருடைய முறிந்த காலின்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. எத்திலப்பன் அழுதுவிட்டார். மனைவி செத்தபோது அழுததற்குப் பிறகு அன்றைக்குத்தான் அழுதார்.

பொம்மக்கா குட்டியின் பாதத்தை மடியில் வைத்து முள் எடுத்தாள். உள்ளங்கால் தோல் உரிந்திருந்தது.

"எப்ப ஆரம்பிக்கணும்னு கடைசிவரைக்கும் சொல்லவே மாட்டீகளா?"

"ஓடுறப்ப அது எங்க பாத்துச்சு, அண்ணே?"

"முயலை."

"நடுவுல?"

"நடுவுலயும் முயலைத்தான்."

அவள் அடுத்த முள்ளைத் தேடினாள்.

புண் ஆறியதும் எத்திலப்பனும் உடைமரங்களுக்குப் பின்னால் ஒளிய ஆரம்பித்தார். முதலில் கருக்கு தன் பாட்டுக்குப் போனது. பிறகு ஒருநாள் நின்றது, திரும்பியது, அவரைக் காணாமல் வந்த வழியே ஓடி வந்து தேடியது. அன்றைக்கு முழுக்க அவர் முகம் மலர்ந்தே இருந்தது. ஆனால் ஓர் ஓணான் குறுக்கே ஓடினால் போதும், உலகத்தில் எத்திலப்பன் என்று ஒருவர் இருப்பதே அதற்கு மறந்துவிடும். மறுபடியும் ஒளிவார். மறுபடியும் காத்திருப்பார். மார்கழி முடிந்தது. எப்போது ஆரம்பிக்கலாம் என்று பொம்மக்காவிடம் கேட்பதை அவர் விட்டுவிட்டிருந்தார்.

பாரிவேட்டை வந்தது. தப்பட்டைச் சத்தத்தில் காடு அதிர்ந்தது. மைத்துனர் வீட்டுக் குட்டிகள் முதலில் ஓடின. நன்றாகவே ஓடின. தலைக்கொரு முயல் பிடித்தன. ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள், மைத்துனர் மீசையை முறுக்கிக்கொண்டார்.

பாளையக்காரர் குதிரைமேல் இருந்தபடி திரும்பினார்.

"எத்திலப்பா, உன் முறை."

புதரைத் தட்டினார்கள். கொழுத்த முயல் ஒன்று கிளம்பி ஓடைப் பக்கம் போனது. கருக்கு பின்காலில் எழும்பிக் கயிற்றை இழுத்தது. உடம்பெல்லாம் நடுங்கியது.

எத்திலப்பன் பொம்மக்காவைப் பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவில்லை, ஓடைப் புதர் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து முடிச்சில் கை வைத்தார். ஓர் இழுப்பு போதும். கொட்டடியில் தனக்கென்று ஒரு மூலை, கஞ்சி, செத்தால் தூக்கிப்போட நாலு பேர், எல்லாம் அந்த முடிச்சில்தான் இருந்தது.

"கருக்கு" என்றார் மெதுவாக.

அதன் கண் முயலைவிட்டு நகரவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். காதுகூட அசையவில்லை. அவர் கையை எடுத்துவிட்டார்.

"ஏன், விடலையா?"

"இன்னும் நேரம் ஆகலே, எசமான்."

"ஓடாதா?"

"ஓடும். அந்த முயலைப் பிடிச்சாலும் பிடிச்சிரும். ஆனா ஓடைப் புதருக்குள்ள காட்டுப்பன்னி கிடக்கு. நடுவுல நான் கூப்பிட்டா இது திரும்பாது. ஓடுறப்ப என்னைத் தேட இன்னும் இதுக்குத் தெரியலே."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "நாயி இவரைத் தேடணுமாம்ல!" என்று யாரோ சொல்ல, மைத்துனர் விழுந்து விழுந்து சிரித்தார். பாளையக்காரர் முகம் சிவந்துவிட்டது.

"நான் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நாளைக்குக் காலையில வாசல்ல வண்டி நிக்கும். ஏறிக்கோ."

எத்திலப்பன் தலையாட்டினார். கயிற்றைப் பொம்மக்காவிடம் நீட்டினார்.

"முன்கால்ல தோல் இன்னும் சரியாத் தடிக்கலே, தாயி. கல்லுக்காட்டுல நடக்க விடாதீக. கூப்பிடுறப்ப மெதுவாக் கூப்பிடுங்க."

பொம்மக்கா கயிற்றை வாங்கவில்லை.

"வாங்கிக்கோ, பொம்மக்கா" என்றார் பாளையக்காரர். "அருமையான குட்டி, இவன்கிட்டக் கெட்டுப் போச்சு. உனக்குச் சமமாத் தொழில் தெரிஞ்சவன் யாராச்சும் இருந்தாச் சொல்லு. எந்தச் சீமையில இருந்தாலும் கூட்டியாறச் சொல்லுதேன்."

பொம்மக்கா கும்பிட்டாள்.

"ஒருத்தர் இருக்காரு, எசமான். இப்பத்தான் அவரை வண்டி ஏறச் சொன்னீக."