ஏழாவது மலையில் விழும் குரங்கு

ஏலகிரியில் ஒரு சின்ன மடம். அதன் தலைவர் அறவாழி சாமிக்கு வயது முப்பத்தெட்டு. தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் வீடியோ கேம் விளையாடுவார். ஒளிவு மறைவாக அல்ல, கூடத்தில், எல்லோரும் பார்க்கத்தான்.

பெங்களூர் பக்தர் ஒருவர் கேம் பெட்டியை வாங்கிக் கொடுத்து, மாதச் சந்தாவையும் தானே கட்டிவந்தார். சந்தா இருக்கும்வரை முப்பது, நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஆட்டங்கள் நூற்றுக்கணக்கில் டிவியில் வரும். கேசட் வேண்டாம், அதை எடுத்து ஊதிப் போடவும் வேண்டாம். மற்ற பக்தர்கள் பழமும் பூவும் கொண்டுவருவார்கள். இவர் இதைக் கொண்டுவந்தார், சாமியும் வாங்கிக்கொண்டார்.

புதிய சீடர் பரஞ்சோதிக்கு இது பிடிக்கவில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன்னைவிட இருபத்திரண்டு வயது இளையவரைக் குருவாக ஏற்றதில் அவருக்குக் கூச்சமில்லை. குருவின் கையில் ஜாய்ஸ்டிக் இருந்ததுதான் உறுத்தியது.

ஒரு நாள் கேட்டே விட்டார்.

“இதுல அப்படி என்ன சாமி இருக்கு?”

“உக்காந்து பாருங்க ஐயா.”

ஜாய்ஸ்டிக் கை மாறியது.

திரையில் ஒரு குட்டிக் குரங்கு. அது எட்டு மலைகளைத் தாண்ட வேண்டும். மூன்று உயிர். மூன்றும் போனால் மறுபடி முதல் மலை. முதல் நாள் பரஞ்சோதியின் குரங்கு முதல் பள்ளத்தைக்கூடத் தாண்டவில்லை. மறுநாள் அவர் அரைவயிற்றுச் சாப்பாட்டோடு எழுந்து வந்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அதன்பிறகு மடத்தில் அவர் பேச்சு மாறிவிட்டது. பந்தியில் உட்கார்ந்து கேட்பார்:

“நாலாவது மலையில பனி பெய்யுது சாமி. குரங்கு வழுக்குது. அந்தக் காலத்துலயே அதை எப்படி யோசிச்சான்?”

“எனக்கும் அது ஆச்சரியம்தான்” என்பார் சாமி.

ஆட்டத்தை நிறுத்தின இடத்திலேயே சேவ் செய்துகொள்ள ஒரு வசதி இருந்தது. ஓர் ஆட்டத்துக்கு ஒரே சேவ். புதிதாகப் போட்டால் பழையது அழியும். ஒரு பத்திரத்துக்கு மூன்று நகல் எடுத்துப் பழகிய மனிதருக்கு அந்தப் பொத்தான் கிடைத்தால் விடுவாரா? பாறைக்கு ஒரு சேவ், தாவலுக்கு ஒரு சேவ் என்று அமுக்கிக்கொண்டே போனார். அப்படியே நாற்பது நாளில் ஏழாவது மலைக்கு வந்துவிட்டார்.

நாற்பத்தோராம் நாள். மலை உச்சி. மிச்சம் இருந்தது ஒரே உயிர். குரங்கு தாவியது, கை பழக்கதோஷத்தில் பொத்தானை அமுக்கியது. தாவல் எட்டவில்லை. சேவ் ஆகியிருந்தது, அந்தரத்தில் விழுந்துகொண்டிருந்த குரங்கு.

திறந்தார். குரங்கு விழுந்தது. ஆட்டம் முடிந்தது.

மறுபடி திறந்தார். விழுந்தது. இடது பக்கம் அழுத்தினார், வலது பக்கம் அழுத்தினார், எல்லாப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினார். பின்னால் ஓட்டிப் பார்க்கவும் வழி உண்டு. ஆனால் அது திறந்த இடத்தைத் தாண்டிப் பின்னால் போகாது.

“நீங்க கை தேர்ந்தவர் சாமி. எப்படியாவது காப்பாத்துங்க.”

சாமி வாங்கி மூன்று தடவை முயன்றார். மூன்று தடவையும் குரங்கு விழுந்தது. நான்காவது தடவை எதையும் அழுத்தாமல் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதும் விழுந்தது.

“புதுசா ஆரம்பிங்க ஐயா.”

“ஏழு மலை சாமி. நாப்பது நாள்.”

புதிதாக ஆரம்பித்தால் பழைய சேவ் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. பரஞ்சோதி ‘இல்லை’யை அழுத்தினார். அடுத்த ஒரு வாரம் தினமும் வந்து, அதே இடத்தைத் திறந்து, குரங்கு விழுவதைப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த வாரக் கடைசியில், கூடத்தில் இருந்தபோது, பரஞ்சோதிக்கு ஆரணியிலிருந்து போன் வந்தது. தம்பி தணிகாசலம். அண்ணனும் தம்பியும் ஒழுங்காகப் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

“அண்ணா, யாழினிக்கு வர்ற ஞாயித்துக்கிழமை கல்யாணம். பெரியப்பா நீ இல்லாம எப்படி?”

“அம்மா முகத்தைப் பாக்க எனக்கு ரெண்டு மணி நேரம் குடுத்தியாடா நீ?”

“அன்னிக்குப் பொழுது சாஞ்சிடுச்சுண்ணா. மழை வேற. பெரியவங்க எடுக்கச் சொல்லிட்டாங்க.”

“உளுந்தூர்பேட்டையில பஸ் பஞ்சர், வந்துட்டே இருக்கேன்னு போன் பண்ணினேனா இல்லையா?”



“எப்ப பேசினாலும் இதுதாண்ணா. நாளைக்குக் காலையில நானே காரை எடுத்துட்டு வரேன். வந்தா வா. இல்லேன்னா இனிமே உன்னைக் கூப்பிட மாட்டேன்.”

தணிகாசலம் வீறாப்புக்குச் சொல்கிறவர் இல்லை. அது பரஞ்சோதிக்குத் தெரியும். யாழினி அவர் தோளில் வளர்ந்த பெண். அவள் கல்யாணத்தில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். விடிந்ததும் பையில் நாலு வேட்டி சட்டையை வைத்தார், பிறகு வெளியே எடுத்தார். பையும் கையுமாகச் சாமியிடம் வந்து நின்றார்.

“போகணும்னுதான் இருக்கு சாமி. ஆனா அவன் குரலைக் கேட்டாலே எனக்கு அதுதான் வாயில வருது. கல்யாண வீட்டுலயும் அதையே பேசிடுவேனோன்னு பயமா இருக்கு.”

“அம்மா எப்படி இருப்பாங்க ஐயா?” என்று கேட்டார் சாமி.

“அம்மாவா? அன்னிக்குக் காலையில நாலு மணிக்குப் போன் வந்துது சாமி. வேலை பாத்த பரமக்குடியில பஸ் ஏறினேன்...”

“அதுக்கு முன்னாடி?”

பரஞ்சோதி யோசித்தார்.

“ஊருக்குப் போக முந்தின நாளே லீவு கேட்டேன் சாமி. குடுக்கல. குடுத்திருந்தா அந்த பஸ்ல ஏறியிருக்கவே மாட்டேன்.”

“அதுக்கும் முன்னாடி?”

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தணிகாசலம் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

பரஞ்சோதிக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

“அப்போ என்னை அம்மாவை மறந்துடச் சொல்றீங்களா சாமி?”

“அம்மா எங்க ஐயா இருக்காங்க அதுல? பஸ்தானே இருக்கு.”

பரஞ்சோதிக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு காலிப் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார்.

அண்ணன் வருவதைப் பார்த்ததும், அந்த இரண்டு மணி நேரக் கேள்விக்குத் தயாராக, தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

பரஞ்சோதி கிட்டே வந்து நின்றார். அந்தக் கேள்வியைக் கேட்காமல் பையைக் காருக்குள் வைத்தார். தணிகாசலம்தான் கடைசியில் நிமிர்ந்து பார்த்தார்.