பதினாலு துண்டு

மோர்ப்பந்தல் மடத்துக்கு யாரு வந்தாலும் குமுதவல்லி அம்மா முதல்ல சொல்றது ஒண்ணுதான். "தூரத்துலேருந்து வந்திருக்கீங்க. முதல்ல சாப்பிடுங்க." எதிர்வீட்டுக்காரர் தீப்பெட்டி கேட்டு வந்தாலும் அதேதான்.

அம்மாவுக்கு நாப்பது வயசு. சீடர் தாண்டவராயனுக்கு அம்பத்தாறு. இருவது வருஷம் பிரவுசிங் சென்டர் நடத்திட்டு, அதைப் பூட்டிட்டு மடத்துக்கு வந்தவரு. எதைப் படிச்சாலும் ரயில்வே அறிவிப்பு மாதிரிதான் படிப்பாரு.

ஒரு நாள் மத்தியானம் கையில ஒரு கட்டு பேப்பரோட வந்து நின்னாரு.

"அம்மா, நம்ம பேரு போச்சு."

"எங்க போச்சு?"

"இன்டர்நெட்ல. மோர்ப்பந்தல்னு அடிச்சு, கடைசியில நம்ம நாட்டு டாட் இன் போட்டா மடம் வரணுமில்ல? பாக்கெட் மோரு வருது. பக்கிரிசாமின்னு ஒருத்தர் எட்டு வருஷம் முன்னாடியே அந்தப் பேரை எடுத்திருக்காரு. அடுத்த மாசம் குருபூஜை. வெளியூர்க்காரங்க நம்மளத் தேடுனா மசாலா மோரு, இஞ்சி மோருன்னு பட்டியல் வருதும்மா. யாரும் இங்க வந்து சேர மாட்டாங்க."

மடத்துக்கு இணையத்துல ஒரு பக்கம் வைக்கணும்னு மூணு வருஷமா தயார் பண்ணினவரு.

"பேரு எடுக்கறதுக்கு விதி என்ன சொல்லுது?"

கேட்டதுதான் தாமதம். தொண்டையைக் கனைச்சாரு. பயணிகளோட கனிவான கவனம் மட்டும்தான் பாக்கி.

"விதி ஒண்ணு. முதல்ல கேட்டவருக்கே பேரு. விதி ரெண்டு. பேரு யாருக்கும் சொந்தமில்ல, வருஷக்கணக்குக்கு எடுத்து வச்சுக்கலாம், புதுப்பிக்கலன்னா போயிடும். விதி மூணு. எடுக்கறவரு உண்மையான விலாசம், போன் நம்பர் கொடுக்கணும். விதி நாலு." இங்க குரல் ஒரு படி ஏறுச்சு. "கெட்ட எண்ணத்தோட எடுத்திருந்தா, புகார் கொடுத்து வாங்கிக்கலாம்! புகார் எழுதிட்டேன். நீங்க கையெழுத்துப் போட்டா இன்னிக்கே அனுப்பிடலாம்."

"கெட்ட எண்ணம்னா?"

"தனக்குத் தேவையில்லாம, அடுத்தவங்க வரக்கூடாதுன்னே அடைச்சு வைக்கிறதும்மா."

"அவரு அடைச்சு வச்சிருக்காரா?"

"மோரு... விக்கிறாரு. ஆனா இனிமே நமக்கு இப்படி நடக்காதும்மா. உஷாராயிட்டேன். மோர்மடம், பந்தல்மடம், குளிர்மோர்னு பதினாலு பேரைத் துண்டு போட்டுப் பிடிச்சு வச்சிட்டேன். எதிர்ல இருக்கே ஈசானிய மடம், அந்தப் பேரைக்கூட விடல."

"அவங்க பேரு நமக்கு எதுக்கு?"

"நமக்கு ஒண்ணு போதும்மா. மத்ததை வேற யாராச்சும் எடுத்துட்டா?"

அம்மா பேப்பர் கட்டை வாங்கிக்கிட்டாங்க. "பந்தி போடற நேரம். கை கால் கழுவிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

கழுவிட்டு வந்தாரு. பந்தியில பதினாலு எலை. உக்காரற எடத்துல எல்லாம் ஒவ்வொரு துண்டு. கொடியில காஞ்சது மொத்தமும் அங்க இருந்துச்சு, தாண்டவராயனோட காசித்துண்டு உள்பட. ஒரே ஒரு துண்டு மேல அம்மா மட்டும் உக்காந்திருந்தாங்க. ஈசானிய மடத்துலேருந்து சாப்பிட வந்த ரெண்டு பேரு செவுத்தோரமா நின்னு, சாம்பாரை மூக்கால சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க.

"யாருக்கும்மா இதெல்லாம்?"

"எனக்குத்தான்."

"பதினாலுமா?"

"எனக்கு ஒண்ணு போதும்." அம்மா தொண்டையைக் கனைச்சாங்க. அப்புறம் அதே ரயில்வே குரல்ல, "மத்ததுல வேற யாராச்சும் உக்காந்துட்டா?"

பரிமாறுறவரோட கரண்டி அந்தரத்துல நின்னுச்சு. செவுத்தோரத்துல ஒருத்தர் சிரிப்பை இருமலா மாத்தினாரு. தாண்டவராயன் தன்னோட காசித்துண்டையே பாத்துக்கிட்டு நின்னாரு.

"ஐயா, அந்தப் பக்கிரிசாமிக்கு ஒரு போன் போட்டீங்களா?"

"விதியில அப்படி ஒண்ணும் இல்லம்மா."

"போடக்கூடாதுன்னு இருக்கா?"

"அப்படியும் இல்ல."

மோர்க்காரரோட இணையப் பக்கத்துல நம்பர் கொட்டை எழுத்துல இருந்துச்சு. ஸ்பீக்கர்ல போட்டாரு. ரெண்டு தடவ மணி அடிக்கறதுக்குள்ள எடுத்துட்டாரு.

"வணக்கம். நான் மோர்ப்பந்தல் மடத்து..."

"மடத்துக்கா? நல்லாக் கேட்டுக்குங்க. பாலம் தாண்டி ரெண்டாவது ஸ்டாப். கண்டக்டர் முதல் ஸ்டாப்லயே எறக்கி விடப் பாப்பாரு, எறங்கிடாதீங்க. சோத்துக்கை பக்கம் வேப்பமரம், பக்கத்துல பச்சைக் கேட்டு. மோரு வேணும்னா எனக்குப் போன் போடுங்க, மோட்சம் வேணும்னா அங்க போங்க. டெய்லி பத்துப் பேருக்குச் சொல்றேன் சாமி, ஒருத்தரும் வழி தப்புனதில்ல. ஒரு மணிக்குள்ள போயிடுங்க, சாப்பாடு நல்லாயிருக்கும்."

வச்சுட்டாரு.

தாண்டவராயன் மெதுவாத் திரும்பி, பச்சைக் கேட்டை ஒரு தடவ பாத்தாரு.

"வழி சரியாச் சொன்னாரா?"

"சரியாத்தான் சொன்னாரும்மா. அந்த முதல் ஸ்டாப் விஷயம்... மூணு வருஷமா நம்ம பக்கத்துக்கு வழி எழுதுறேன், எனக்கே தோணல."

கம்ப்யூட்டர் ரூமுக்குப் போனாரு. திரும்பி வரக் கால் மணி நேரமாச்சு. அதுக்குள்ள துண்டெல்லாம் மடிச்சு ஓரமா அடுக்கியிருந்துச்சு. ஈசானிய மடத்துக்காரங்க ரெண்டாவது ரசத்துல இருந்தாங்க. புகார் பேப்பர் கட்டு, பாயச அண்டாவுக்கு அடியில சூடு தாங்கிக்கிட்டு இருந்துச்சு.

"மோர்மடம்ங்கிறதை மட்டும் நமக்கு வச்சுக்கிட்டேம்மா. மத்த பதிமூணையும் விட்டுடறேன்னு எழுதி அனுப்பிட்டேன்."

அம்மா அவரை அப்பத்தான் முதல் தடவையாப் பாக்கற மாதிரி நிமிந்து பாத்தாங்க. பக்கத்துல இருந்த காலி எலையில தண்ணி தெளிச்சாங்க.

"தூரத்துலேருந்து வந்திருக்கீங்க. முதல்ல சாப்பிடுங்க."