சைபர் காட்டிய கருவி

"இத எப்படித் தொடைக்கறதுன்னு சொல்லிக் குடுங்க மேடம்" என்றார் தணிகைவேல்.

எஸ்தர் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கைக்குட்டையைப் பிரித்து, உள்ளங்கை அளவு மஞ்சள் கருவி ஒன்றை மேசைமேல் வைத்தார். விஷவாயு பட்டால் கத்தி ஊரைக் கூட்டுகிற கருவி.

குரு என்றால் நரைத்த தாடி வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். எஸ்தருக்கு முப்பத்தொரு வயது. பாலாற்றங்கரையில், தோல் கம்பெனிகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில், கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் அறை அவளுடையது. தேடி வந்தவருக்கு ஐம்பத்திரண்டு. பத்தொன்பது வருஷமாகத் தொட்டி வாயில் நின்று, உள்ளே வாயு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறவர்.

"உங்களுக்கா தொடைக்கத் தெரியாது? இவ்ளோ பளபளன்னு ஒரு கருவி என் மேசைக்கு வந்ததே இல்லண்ணா."

அது உண்மைதான். மற்றவர்களின் கருவியில் சுண்ணாம்பும் சேறும் அப்பிக்கிடக்கும். தணிகைவேலின் கருவியில் முகம் பார்த்துத் தலை வாரலாம். வேலை முடிந்ததும் பாலிஷ் ஸ்பிரே அடித்து, பனியன் துணியால் துடைத்துவிட்டுத்தான் தன் முகத்தையே கழுவுவார். "மாப்பிள்ள ரெடியாயிட்டாரா?" என்று கூட வேலை பார்த்த ஜபருல்லா கேலி செய்வார்.

இப்போது கேலி செய்ய ஜபருல்லா இல்லை.

நாற்பத்திரண்டு நாளுக்கு முன்னால், தொட்டி வாயில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டு, "எவ்ளோப்பா?" என்று கேட்டார் ஜபருல்லா.

தணிகைவேல் கருவியைக் கயிற்றில் இறக்கி எடுத்துப் பார்த்தார். "சைபர். எறங்கு."

ஆறு படி இறங்கிய ஜபருல்லா ஏழாவது படியைத் தொடவில்லை.

மேலிடத்தில் விசாரித்தார்கள். கருவியை ஆன் செய்தார்கள். பீப் என்றது, சைபர் காட்டியது. வாயு இல்லை, கால் இடறி விழுந்திருக்கிறார், அஜாக்கிரதை என்று எழுதி ஃபைலை மூடினார்கள்.

தணிகைவேல் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. தொட்டியின் மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் ஒரு நொடி மூக்கில் ஏறி, சட்டென்று நின்றுபோனது. கருவியே சைபர் என்கிறபோது மூக்கை யார் கேட்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டார்.

முந்தாநாள் ஜபருல்லாவுக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதினார்கள். தணிகைவேல் சாப்பிட உட்கார்ந்திருந்தார். கணவன் இறந்தபின் வெளியாண்கள் முன்னால் வராமல் இத்தாவில் இருந்த ஜபருல்லாவின் மனைவி நூர்ஜஹானின் குரல் மட்டும் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது.

"அவரு கொஞ்சம் பாத்துக் கால வெச்சிருக்கலாம் இல்லண்ணே. எங்கள நெனச்சே பாக்கல."

அவர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். செத்தவர் மேல் அவள் கோபமாக இருந்தாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

இதையெல்லாம் அவர் எஸ்தரிடம் சொன்னார். நாற்றத்தைப் பற்றியும் சொன்னார். சொல்லி முடித்து, "தொடைக்கறதுல எதுனா தப்பு பண்ணேனா மேடம்?" என்று கேட்டார்.

அவள் ஒரு தட்டு நிறைய அழுக்குக் கருவிகளை அவர் முன்னால் தள்ளினாள். கூடவே மெல்லிய பிரஷ் ஒன்று, தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி ஒன்று.

"ஸ்பிரே?"

"வேணாம்."

"ஏன்?"

"மொதல்ல தொடைங்க."

பதினோரு கருவி. பிரஷ்ஷால் தூசி தட்டி, ஈரத்துணியால் ஒற்றியெடுத்தார். எதுவும் பளபளக்கவில்லை. கடைசியாகத் தன் கருவியையும் வரிசையில் வைத்தார்.

எஸ்தர் ஜன்னலைத் திறந்தாள். சின்ன சிலிண்டர் ஒன்றை எடுத்து, அதன் குழாயை முதல் கருவியின் வாயில் பொருத்தினாள்.

"இதுல கொஞ்சூண்டு வெஷவாயு இருக்கு" என்றாள்.

கருவி வீலென்று கத்தியது. சிவப்பு விளக்கு துடித்தது. அடுத்ததும் கத்தியது. அதற்கடுத்ததும். பதினொன்றும் ஒன்றுவிடாமல் கத்தின.

பன்னிரண்டாவது, தணிகைவேலுடையது.

சைபர்.

அவள் குழாயை எடுத்துவிட்டு மறுபடி பொருத்தினாள். சைபர்.

"அன்னிக்கும் இதேதான் காட்டிச்சி" என்றார்.

எஸ்தர் கருவியின் மூடியைக் கழற்றிக் காட்டினாள். உள்ளே பொட்டு அளவில் ஒரு வெள்ளை வட்டம் எண்ணெய் தடவியதுபோல் மின்னியது.

"இது வழியாத்தான் அது மூச்சு வாங்குது. ஸ்பிரே படிஞ்சி படிஞ்சி மூடிக்கிச்சிண்ணா. இப்ப நல்ல காத்துலயும் சைபர்தான். வெஷத்துலயும் சைபர்தான். வெஷம் ரொம்ப அதிகமானா மூக்கும் இப்படித்தான், நாத்தம் தெரியாம மரத்துப்போயிடும்."

"ஆன் பண்ணா பீப்புன்னுச்சே."

"பேட்டரி இருக்குன்னு சொல்லுது. அவ்ளோதான்."

தணிகைவேல் தன் கைகளைப் பார்த்தார். "ஆசையாத்தான் மேடம் தொடச்சேன்."

"தெரியும்ணா."

"நான்தான் அவனக் கொன்னுட்டனா?"

அவள் எழுந்தாள். அலமாரியைத் திறந்து சோதனைப் பதிவேட்டை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். மாதம் தவறாமல் தணிகைவேலின் கருவிக்கு நேராக டிக் அடித்திருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவள் கையெழுத்து.

"வாயு குடுத்து, கத்துதான்னு பாத்துட்டுதான் டிக் போடணும்" என்றாள். "மத்ததுக்கெல்லாம் பாத்தேன். உங்களுது பளபளன்னு இருந்துச்சி. பாக்காமலே போட்டுட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன.

"நாப்பத்திரண்டு நாளா பயந்துட்டு இருக்கேன், நீங்க இத எடுத்துட்டு வருவீங்கன்னு. வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். வந்துட்டீங்க."

அவர் அவள் மேல் கோபப்படலாம் என்று பார்த்தார். வரவில்லை.

"இத இனிமே தொடைச்சி எடுக்க முடியாதா?"

"முடியாதுண்ணா."

"அப்ப நான் இன்னா பண்றது?"

எஸ்தர் வரிசையில் இருந்ததிலேயே பழைய கருவியை எடுத்தாள். கண்ணாடி கீறியது, மூலையில் டேப் சுற்றியது. அதன் வாயில் குழாயைப் பொருத்தினாள். அது வீலென்று கத்தியது. இந்த முறை அவள் குழாயை எடுக்கவில்லை.

சத்தம் ஜன்னல் வழியாக வெளியே போனது. பம்புகளைத் தாண்டி, தொட்டிகளைத் தாண்டிப் போனது. யாரோ ஓடிவரும் காலடி கேட்டது. பிறகு இன்னும் பலருடையது. மேனேஜர் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள்.

"இன்னாம்மா சத்தம்? இன்னா ஆச்சி?"

எஸ்தர் விரித்த பதிவேட்டை வாசல் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பிறகு தணிகைவேலைப் பார்த்தாள்.

கருவி இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அதற்கு மேல் கேட்கவேண்டும் என்று அவர் எழுந்து நின்று, குரலை உயர்த்தினார்.

"ஜபருல்லா கால் தடுக்கி விழல சார்."