கேப்டன் நறுமுகை செத்த வாரம்

வாரப் பத்திரிகை ஒன்றில் விண்மாறன் என்பவர் விண்வெளித் தொடர்கதை எழுதிவந்தார். நாற்பதாம் வாரம் கப்பலை வெடிக்கவைத்து, கதாநாயகி கேப்டன் நறுமுகையின் கதையை முடித்தார். கோபமடைந்த வாசகர்கள் பத்திரிகை வாங்குவதையே நிறுத்தத் தொடங்கினார்கள். அவளைப் பிழைக்கவைக்கச் சொல்லிப் பத்திரிகை ஆசிரியர் கெஞ்சியும் விண்மாறன் மசியவில்லை.

"அச்சில் வந்தது வந்ததுதான். இனி நானே நினைத்தாலும் மாற்ற முடியாது," என்றார்.

அங்கே பிழை திருத்தும் வேலை பார்த்த தவமலர், "அவள் சாகவில்லையே சார்," என்றாள்.

விண்மாறன் முறைத்தார். "ஒற்றுப்பிழை பார்க்கிற உனக்கு என் கதை தெரியுமோ? அச்சான ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அவளைப் பிழைக்க வை. முடியாவிட்டால் வேலையை விட்டுப் போ."

தவமலர் பழைய இதழ்களை எடுத்துவந்தாள்.

"'கப்பலுக்குள் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய வாரம் ஆண்டெனாவைச் சரிசெய்ய நறுமுகையை வெளியே அனுப்பினீர்கள் சார். அவள் திரும்பி உள்ளே வந்ததாக எங்குமே எழுதவில்லை. மறந்துவிட்டீர்கள்."

விண்மாறன் இரண்டு இதழ்களையும் புரட்டிப் பார்த்தார். ஆசிரியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

இதழ்களை மூடிவைத்துவிட்டு விண்மாறன் மெதுவாகக் கேட்டார்: "அவள் உடையில் ஆக்சிஜன் எவ்வளவு நேரம் தாங்கும்?"

"அதை நீங்கள் இன்னும் எழுதவேயில்லை சார்," என்றாள் தவமலர்.