உப்புமாவுக்குச் சீனி

"என்னால முடியல டீச்சர். என்னைத் திருப்பி அனுப்பிருங்க" என்றார் மதியழகன்.

தலை நரைத்த கணக்கு வாத்தியார். தன் பள்ளியிலும் ஒரு சின்ன வகுப்பு தொடங்க வேண்டும் என்று, அந்த வேலையைப் படிக்க ஜெயசீலி டீச்சரிடம் வந்து சேர்ந்தவர். குருவுக்குச் சீடரின் வயதில் பாதிதான் இருக்கும். ஆனால் அந்த அறைக்குள் டீச்சர் வைத்ததுதான் சட்டம்.

பெரிய வகுப்பில் ஒட்டாத பிள்ளைகள்தான் சின்ன வகுப்பு. கடிக்கிறவன் ஒருவன், மேசைக்கு அடியில் போய் ஒளிகிறவள் ஒருத்தி, தொட்டதற்கெல்லாம் அழுகிறவன் ஒருவன். கொஞ்ச நாள் இங்கே இருந்து தேறி, பெரிய வகுப்புக்குத் திரும்பிவிடுவார்கள்.

தினமும் முதல் பாடம் காலைச் சாப்பாடு. வட்டமாக உட்கார்ந்து, வேண்டியதை அவரவரே கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும்.

"என்ன முடியல சார்?"

"இசக்கி. வாயைத் திறக்க மாட்டேங்கா."

இசக்கி வீட்டில் பெரிய வாயாடி. பள்ளி வாசலை மிதித்தால் ஒரு சொல் வராது. அவள் அம்மா சொர்ணம் அன்று காலையிலேயே வந்து வராந்தாவில் நின்றாள். நல்லாப் பேசுற பிள்ளை இங்க வந்து ஊமையாப் போகுது, இனி அனுப்ப மாட்டேன், இப்பவே கூட்டிட்டுப் போறேன் என்று ஒரே பிடிவாதம். "சாப்பிட்டு முடிக்கட்டும்மா" என்று ஜெயசீலி கெஞ்சித்தான் நிறுத்தி வைத்திருந்தார்.

"நான் என்ன குறை வெச்சேன் டீச்சர்?" என்றார் மதியழகன். "அவ கண்ணைப் பார்த்தாலே எனக்குப் புரிஞ்சிரும். எல்லாருக்கும் உப்புமாவுக்குச் சட்னி, அவளுக்கு மட்டும் சீனி. தண்ணி, பென்சில், எதையும் அவ கேக்க விட்டதே இல்ல. பெத்த தாய்கூட இப்படிப் பார்க்க மாட்டா."

கடைசி வரியில் மட்டும் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது.

"அப்படியா?" என்றார் ஜெயசீலி. கை துடைக்கிற துண்டை எடுத்து உதறினார்.

"குனியுங்க சார்."

"எதுக்கு?"

"குனியுங்க."

குனிந்தார். டீச்சர் அவர் கண்ணைக் கட்டிவிட்டார்.

"இன்னைக்கு நீங்கதான் பரிமாறணும்."

பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். இடம் மாறி மாறி உட்கார்ந்துகொண்டார்கள். மதியழகன் மண்டியிட்டு, தடவித் தடவி ஒவ்வொரு தட்டிலும் உப்புமா வைத்தார். பாதி தரைக்குப் போனது.

"எனக்குச் சட்னி சார்!"

"எனக்கு நிறையச் சட்னி!"

அடுத்த தட்டிலிருந்து சத்தமே வரவில்லை.

அது யார் தட்டு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கை தானாகச் சீனி டப்பாவைத் தேடியது.

ஜெயசீலி டப்பாவை நகர்த்திவிட்டு, சட்னிக் கரண்டியை அவர் கையில் கொடுத்தார்.

"அவளுக்குச் சீனி..." என்று ஆரம்பித்தான் கடிக்கிறவன். டீச்சர் அவனைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

"டீச்சர், பிள்ளை அழுதுருவா."

"ஊத்துங்க சார்."

"பாவம் டீச்சர்."

"ஊத்துங்க."

பிள்ளைக்குத் துரோகம் செய்கிறோம் என்றே மதியழகன் நினைத்தார். கரண்டியைச் சாய்த்தார்.

"ஐயய்யோ சார்! எனக்குச் சட்னி பிடிக்காது! சீனி!"

அந்தக் குரலை அங்கே யாரும் கேட்டதில்லை.

"சீ... சீனி எங்கம்மா இருக்கு?" என்றார் மதியழகன்.

"அந்தா இருக்கு! அங்க இல்ல, இந்தப் பக்கம்! அது உப்பு சார்! கண்ணு தெரியாட்டி கேட்டுட்டு எடுக்க வேண்டியதுதான? நல்ல உப்புமாவைக் கெடுத்துட்டீங்களே! போங்க, வேற தட்டு கொண்டாங்க!"

மகளின் புத்தகப் பையை எடுத்துத் தோளில் மாட்டியிருந்த சொர்ணம் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"வீட்டுலயும் இப்படித்தான் சார், என்னைப் போட்டு ஏசுவா" என்றாள். ஊருக்கே கேட்கட்டும் என்பதுபோலச் சொன்னாள். பிறகு பையைக் கழற்றி, இருந்த அலமாரியிலேயே திரும்ப வைத்தாள்.

இசக்கி நிறுத்தவில்லை. தரையில் சிந்தியதற்கு ஒரு ஏச்சு, தட்டு மாற்றத் தாமதமானதற்கு இன்னொன்று. மதியழகன் மண்டியிட்டபடியே வாங்கிக்கொண்டிருந்தார். இத்தனை வருட வாத்தியார் வேலையில் எந்தப் பிள்ளை நூற்றுக்கு நூறு எடுத்தபோதும் அவர் நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை.

"போதும் சார். கண்கட்டை அவுத்துருங்க" என்றார் ஜெயசீலி.

"கொஞ்சம் பொறுங்க டீச்சர். பிள்ளை இன்னும் ஏசி முடிக்கல."