வேப்பங்கொத்து விலை

"வெயிலுமுத்து இன்னைக்குச் சந்தைக்கு வாரானாம். அப்போ ஏலம் போடுற சங்கிலியாண்டி வீட்டுல ராத்திரி கோழிக்குழம்புதான்!"

ஆத்துல துணி அலசிக்கிட்டிருந்த குருவம்மா காதுல இது வந்து விழுந்துச்சாம். பாறைக்கு அந்தப் பக்கம் யாரோ ரெண்டு பொம்பளைங்க பேசிக்கிட்டு, கெக்கெக்கேன்னு சிரிச்சாங்களாம். குருவம்மா சேலையைப் பிழியக்கூட இல்லை. ஈரத்தோட சுருட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டு விறுவிறுன்னு வீட்டுக்கு நடந்தாளாம்.

யாரு இந்தக் குருவம்மான்னா, கேளுங்க. மாடு மேகத்தைப் பாத்து அம்மான்னு கூப்பிட்டா மழை பெய்ஞ்ச காலம் அது. அந்தக் காலத்துல கள்ளிமேடுன்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல குருவம்மாவும் அவ புருசன் வெயிலுமுத்தும் இருந்தாங்களாம். வெயிலுமுத்து தங்கமான மனுசன். வரப்புல எறும்பு போனா இவன் சேத்துல இறங்கி வழி விடுவான். யாரையும் ஒரு சொல்லு வைய மாட்டான். ஆனா ஏலம்னு ஒரு சத்தம் கேட்டாப் போதும், நாக்கு தன்னால நீண்டுக்கிடும்.

அவங்களுக்கு ஒரே ஒரு பொம்பளைப் புள்ளை, சிட்டு. பல்லு இப்பத்தான் ரெண்டு எட்டிப் பாக்குது. குருவம்மாவுக்குக் காய்ச்சல் வந்து தாய்ப்பால் வத்திப் போச்சு. பக்கத்து வீட்டு அன்னத்தாயி பசுவுல கறந்து ஒரு செம்பு குடுத்துக்கிட்டு இருந்தா. அந்தப் பசுவும் சினை. இன்னும் கொஞ்ச நாள்ல கறவை நின்னுடும். அப்புறம் புள்ளைக்கு என்ன குடுக்க? குலுக்கையில எட்டு மூட்டைக்கு மேலயே நெல்லு கிடந்துச்சு. அதுல ஒரு கறவை மாடு வாங்கிடணும்னுதான் வெயிலுமுத்து சந்தைக்குப் போறதும் வர்றதுமா இருந்தானாம்.

முதல் சந்தைக்குப் போனான். மாடு வரலை. வாசல்ல நுழையாத பெரிய ஓலைக்குடை ஒண்ணு வந்துச்சு.

"இது என்னய்யா?"

"குடை புள்ள. கொத்து விலை ஒரு மரக்கா நெல்லு. நான் ரெண்டு மரக்காலுக்கு எடுத்தேன்!"

"ஒண்ணுக்குக் கிடைக்கிறதை ஏன்யா ரெண்டுக்கு எடுத்தே?"

"ஒரு செவப்புத் தலைப்பாக்காரன் ஒண்ணரை கேட்டான் புள்ள. விட்டுட முடியுமா?"

ரெண்டாவது சந்தைக்குப் போனான். உச்சி வெயில்ல கூவுற சேவல் ஒண்ணு வந்துச்சு. "கொத்து விலை ரெண்டு. நான் நாலுக்கு எடுத்தேன்! அந்தத் தலைப்பாக்காரன் மூணு கேட்டான் புள்ள. விட்டுட முடியுமா?"

மூணாவது சந்தைக்குப் போனான். குழவி இல்லாத அம்மி ஒண்ணு வந்துச்சு. குருவம்மா ஒண்ணுமே கேக்கலை. அவனே சொன்னான்: "விட்டுட முடியுமா?"

கொத்து விலைன்னா என்னன்னு கேக்குறீங்களா? அந்தச் சந்தையில ஒரு வழக்கம். விக்கிற சாமானுல ஒரு வேப்பங்கொத்தைக் கட்டி, இன்ன விலைன்னு சத்தமா சொல்லுவாங்க. அந்த விலை சம்மதம்னா வாயே திறக்க வேண்டாம். நேரா போய்க் கொத்தைப் பிடுங்கினாப் போதும், சாமான் உனக்கு. ஆனா பிடுங்காம, யாராவது வாயைத் திறந்து ஒரு விலை கேட்டுட்டாங்கன்னா அவ்வளவுதான். கொத்தை அவுத்துக் கீழ போட்டுட்டு ஏலத்தை ஆரம்பிச்சுடுவாங்க. கொத்து விலை வரைக்கும் சாமானுக்குச் சொந்தக்காரனுக்கு. அதுக்கு மேல போறதெல்லாம் ஏலம் போடுற சங்கிலியாண்டிக்கு.

இதுல அதிசயம் என்னன்னா, அந்தச் சனங்க ஒருத்தர்கூட கொத்தைப் பிடுங்கினதே கிடையாதாம். கேட்டதும் குடுக்கிறான்னா அதுல ஏதோ கோளாறுன்னு நினைப்பாங்களாம். சரி, கொஞ்சம் குறைச்சுக் கேப்போம்னு ஆரம்பிப்பாங்க. அப்புறம் கொஞ்சம் கூட, இன்னும் கொஞ்சம் கூட, அப்படியே கொத்து விலையையும் தாண்டிப் போயி, வேர்த்து விறுவிறுத்து, செயிச்சுட்டோம்னு வீட்டுக்கு வருவாங்களாம். சிரிக்காதீங்க, இன்னும் இருக்கு.

ஈரச் சேலையோட வந்த குருவம்மா என்ன சொன்னா? "இன்னைக்கு நானும் வாரேன். நீ புள்ளையைத் தூக்கிக்க. வாயைத் திறக்கப்படாது. நான் போவேன், கொத்தைப் பிடுங்குவேன், மாட்டைப் பிடிச்சுக்கிட்டு வருவேன்."

"சரி புள்ள"ன்னானாம் அவன்.

மிச்சம் கிடந்த எட்டு மூட்டையையும் வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. சந்தையில ஒரு செவலைப் பசு, காலடியில இளங்கன்னு. குருவம்மா பல்லைப் பாத்தா, மடியைத் தொட்டுப் பாத்தா, நாலு காம்புலயும் பீச்சிப் பாத்தா. ஒரு குறை இல்லை. மாட்டுக்காரப் பெரியவரு, "கன்னை முதல்ல ஊட்ட விட்டுட்டுக் கற தாயி. புள்ளை வந்து மடியில தொங்கினாலும் காலைத் தூக்காது"ன்னாரு. அவருக்கு வயசாயிட்டு, மேய்க்க முடியலை. அதான் விக்கிறாரு.

சங்கிலியாண்டி கொம்புல கொத்தைக் கட்டினான். "கொத்து விலை ஆறு மூட்டை! பிடுங்குறவங்க பிடுங்கலாம், கேக்குறவங்க கேக்கலாம்!"

குருவம்மா ஒரு அடி எடுத்து வெச்சா. சரியான விலைதான். கை நீட்டினா எட்டிடும். ஆனா அப்பப் பாத்து மனசுக்குள்ள ஒரு பூச்சி குடைஞ்சுச்சாம். 'கேட்டதும் குடுத்துடுறானே. அஞ்சு கேட்டுப் பாத்தா என்ன? ஒரு மூட்டை மிச்சமாச்சே.' கால் கொத்துப் பக்கம் போகுது, வாயி அதுக்கு முன்னால போயிடுச்சு.

"அஞ்சு!"

கொத்து கீழ விழுந்துச்சு.

"அஞ்சரை!" யாருன்னு பாத்தா, செவப்புத் தலைப்பா.

"ஆறு!"

"ஆறரை!"

"ஏழு!"

வெயிலுமுத்து மெதுவா அவ முந்தானையை இழுத்தான். "ஏ புள்ள, கொத்து விலையே ஆறுதானே?"

"சும்மா கிடய்யா! அந்தத் தலைப்பாக்காரனை விட்டுட முடியுமா?"

"ஏழரை!"ன்னான் தலைப்பாக்காரன்.

குருவம்மாவுக்குக் காது ரெண்டும் நெருப்பாட்டம் எரியுது. எட்டுன்னு சொல்லிட்டா விதைநெல்லும் போச்சு, சோத்துக்கும் வழி இல்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் நாக்கு நுனியில எட்டு வந்து நிக்குது. அப்ப வெயிலுமுத்து சிட்டுவை ஒரு தோள்ல இருந்து மறு தோளுக்கு மாத்திக்கிட்டு, அந்தத் தலைப்பாக்காரன்கிட்டப் போயி நின்னானாம்.

"அண்ணே, நானும் பாத்துக்கிட்டே வாரேன். நீங்க குடைக்கு ஆசைப்பட்டீங்க, நான் பறிச்சுக்கிட்டேன். சேவலுக்கு ஆசைப்பட்டீங்க, பறிச்சுக்கிட்டேன். அம்மிக்கு ஆசைப்பட்டீங்க, அதையும் விடலை. உங்களைப் பாத்தா பாவமா இருக்குண்ணே. இந்த மாட்டையாவது நீங்க கொண்டு போங்க. நாங்க கேக்கலை."

அவன் கேலியா சொல்லலை. நிசமாவே இரக்கப்பட்டுத்தான் சொன்னான். ஆனா தலைப்பாக்காரன் மூஞ்சி சாம்பலாப் போச்சு.

கூட்டத்துல ஒரு கிழவரு, "ஏலேய், என் உலக்கைக்கும் இவன்தானே ஏத்திவிட்டான்!"னாரு. "என் கிடாய்க்கும்!"னா ஒருத்தி. "என் கயித்துக் கட்டிலுக்கும்!"னான் இன்னொருத்தன். "சரி, இவன் என்னைக்காவது ஒரு துரும்பு வாங்கிட்டுப் போயி யாராவது பாத்திருக்கீங்களா?" ஒருத்தரும் பாத்ததில்லை. அவ்வளவுதான், சந்தையே கத்துச்சு: "அண்ணனுக்கே! அண்ணனுக்கே! அண்ணனுக்கே!"

சங்கிலியாண்டிக்கு வேர்த்து ஊத்துது. "ஒரு தரம்... ரெண்டு தரம்... தாயி, எட்டு சொல்லு தாயி... புள்ளைக்காரி, இப்படி விடலாமா?"

குருவம்மா இப்ப பல்லைக் கடிச்சு வாயை மூடிக்கிட்டா.

புளியமரத்தடியில உக்காந்திருந்த சந்தை மணியக்காரர், "ரெண்டு தரம் சொல்லி எவ்வளவு நேரமாச்சு? மூணாவதையும் சொல்லிடேன்"னாரு.

"மூணு... தரம்"னான் சங்கிலியாண்டி, கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி.

"நெல்லைக் கொண்டாடா"ன்னாரு மணியக்காரர் தலைப்பாக்காரனைப் பாத்து.

"எங்கிட்ட ஏதுங்கய்யா நெல்லு? சங்கிலியாண்டி அத்தான்தான் கேக்கச் சொன்னாரு, கேட்டேன். தலைப்பாவும் அவரோடதுதான்."

கேட்டவன் குடுக்கலைன்னா ஏலம் போட்டவன் குடுக்கணும், முழு விலையும் சாமானுக்குச் சொந்தக்காரனுக்கே சேரணும். அது அந்தச் சந்தை உண்டான நாள்லயிருந்து இருக்கிற சட்டம். சங்கிலியாண்டி இத்தனை நாளா சேத்த நெல்லுல இருந்து ஏழரை மூட்டை பெரியவரு வண்டியில ஏறுச்சு. பெரியவரு செவலையைத் தடவிக் குடுத்துட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டுக் கிளம்பினாரு.

இப்ப மாடு சங்கிலியாண்டி தலையில. அவனுக்கு மாட்டைப் பத்தி என்ன தெரியும்? கன்னு பசியில கத்துது, பசு மடி கட்டிப்போயி கத்துது. ஒரு கொட்டாங்குச்சியை எடுத்துக்கிட்டு, கன்னை ஊட்ட விடாம மடியில கை வெச்சான். விட்டுச்சு ஒரு உதை. கொட்டாங்குச்சி ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். எந்திரிச்சு, நொண்டிக்கிட்டே போயி ஒரு கொத்தை ஒடிச்சுக் கொம்புல கட்டினான்.

"கொத்து விலை ஆறு மூட்டை!"

சனங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. "இப்பத்தானே ஏழரைக்குப் போச்சு. அதுக்குள்ள ஆறா? ஏதோ கோளாறு."

"அஞ்சு மூட்டை!"

"அப்பவே சொன்னேன்ல, கோளாறுன்னு."

"நாலு! நாலே மூட்டை! யாராவது பிடுங்குங்கய்யா!"

"நாலா? பெரிய கோளாறாத்தான் இருக்கும்."

மாட்டுல ஒரு கோளாறும் இல்லைன்னு குருவம்மா கைக்குத் தெரியும். நாலு மூட்டை போனா நாலு மூட்டை வீட்டுக்கு மிச்சம். பிடுங்கிட வேண்டியதுதான். அவ கொத்துக்கு நேரா போயி நின்னா. எதிர்ல நாலஞ்சு பேரு நாக்கை நனைச்சுக்கிட்டு, யாரு முதல்ல கேப்பாங்கன்னு பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. சங்கிலியாண்டி அவளைப் பாத்தான், பாவமாப் பாத்தான். அந்தப் பார்வையைப் பாத்ததும் உள்ளே மறுபடியும் அதே பூச்சி குடைஞ்சுச்சு. 'இவன் இருக்கிற நிலைமைக்கு மூணு கேட்டாக்கூட குடுத்துடுவான் போலிருக்கே...'

அவ உதடு பிரிஞ்சுச்சு.

வெயிலுமுத்து சிட்டுவைத் தூக்கி அவ இடுப்புல வெச்சான். ஒரு கையால அவ வாயைப் பொத்தினான். இன்னொரு கையை எட்டி நீட்டி, கொத்தைப் பிடுங்கினான்.