செண்பகவல்லிக்குப் போட்ட பாட்டு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. இது தொண்டையைத் திறந்து சொல்கிற கதை இல்லை.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு மனநல ஆஸ்பத்திரி. அங்கே ரெஜினா என்று ஒரு டாக்டரம்மா. வயது முப்பத்தெட்டு. அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தவர் டாக்டர் சபாநாயகம். வயது ஐம்பத்தாறு. இருபத்தெட்டு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுத்தவர். கெட்டிக்காரர். அது அவருக்கும் தெரியும். சங்கீத ஞானம் வேறு. லிஃப்டில் மணி அடித்தால்கூட அது என்ன ஸ்வரம் என்று சொல்லிவிடுவார், யாரும் கேட்காமலே.

மருந்தின் பெயர் கேட்டமின். தியேட்டரில் நிறையக் கொடுத்தால் ஆள் தூங்கிவிடும். இங்கே கொஞ்சமாகக் கொடுப்பார்கள், எந்த மாத்திரைக்கும் அசையாத மனச்சோர்வுக்கு. ஆள் தூங்காது, ஆனால் கை கால் சொன்ன பேச்சுக் கேட்காது. கண்ணை மூடிக் கட்டி, காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுப் போடுவார்கள். அந்த நேரத்துக்குக் காதில் விழுவதுதான் உலகம்.

கோவில்பட்டிக்கு வாக்கப்பட்ட செண்பகவல்லிக்கு இந்த மருந்து ஆறு தடவை என்று எழுதியிருந்தது. இரண்டு முடிந்துவிட்டது. வருஷக்கணக்காகத் தலை வாராதவள், போன வாரம் தானே சீப்பைத் தேடினாள் என்று அவள் தம்பி வந்து சொல்லிவிட்டு அழுதான்.

மூன்றாவது தடவை கொடுக்க வேண்டிய நாளில் ரெஜினாவுக்கு இன்னொரு வார்டில் அவசரம். சபாநாயகம் பொறுப்பெடுத்துக்கொண்டார்.

அதுவரை ரெஜினா போட்டது வார்த்தையே இல்லாத புல்லாங்குழல். சபாநாயகத்துக்கு அது உப்பில்லாத கஞ்சி. தம் சேகரிப்பிலிருந்து ஒன்றை எடுத்தார். விடியற்காலையில் கோயிலிலும் வீட்டிலும் போடுகிற பக்திப் பாட்டு. இதற்கு இளகாத மனசு உண்டா என்று நினைத்தார்.

பத்து நிமிஷத்தில் செண்பகவல்லிக்கு மூச்சு வாங்கியது. கண்கட்டு நனைந்தது. கழுத்து மட்டும் எழுந்திருக்கப் பார்த்தது.

மனசு இளகுகிறது என்று சபாநாயகம் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

மருந்தின் வேகம் இறங்கியதும் அவள் செய்த முதல் காரியம், ஹெட்போனைக் கழற்றிச் சுவரில் எறிந்தது.

"யாரைக் கேட்டு அதைப் போட்டீங்க?"

"சாமி பாட்டும்மா."

"சாமி பாட்டுதான். இருபத்திரண்டு வருஷம் என் மாமியார் வீட்டுல அதுதான் கடிகாரம். அது ஆரம்பிக்கும்போது நான் குளிச்சிருக்கணும். முடியும்போது பத்துப் பேருக்குக் காப்பி இறங்கியிருக்கணும். இல்லேன்னா அன்னிக்குப் பூரா ஏச்சு. இன்னிக்குப் பாட்டு ஓடுது, எனக்குக் கால் வரல. கை வரல. எந்திரி எந்திரின்னு அது ஓடிக்கிட்டே இருக்கு. நீங்க சத்தத்தைக் கூட்டுறீங்க."

சபாநாயகம் வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க. இனிமே நான் வரல."

தலைச்சுற்றல் தீரும்வரை உட்கார வைக்கிற பெஞ்சில் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்; தம்பியை வண்டி எடுத்துவரச் சொன்னாள். அவளுக்கு இதை விட்டால் வேறு மருந்து மிச்சமில்லை. அது சபாநாயகத்துக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் இன்னும் ஏறியது. அந்த வார்டிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த ரெஜினாவின் அறைக்கு நேரே போய், நடந்ததையெல்லாம் கொட்டினார்.

"மேடம், அதுல ஒரு கெட்ட வார்த்தை இருக்கா? ஒரு அபஸ்வரம் இருக்கா? ஹெட்போனைத் தூக்கி அடிக்கிறாங்க."

"உடைஞ்சிருச்சா சார்?"

"இல்ல."

"சரி."

"என்ன சரி? அவ்வளவு நல்ல பாட்டு இவங்களுக்கு ஆகலைன்னா, எந்தப் பாட்டுதான் போடணும்? நீங்களே சொல்லுங்க."

ரெஜினா எழுந்து கட்டிலைக் காட்டினார். "படுங்க சார்."

"மருந்தா?"

"உங்களுக்கு மருந்து வேண்டாம்."

சபாநாயகம் சிரித்துக்கொண்டே படுத்தார். ரெஜினா பெட்ஷீட்டைக் கழுத்திலிருந்து கால்வரை இறுக்கிச் சுற்றி, முனையைக் கட்டிலுக்கடியில் செருகினார். கண்ணைக் கட்டினார். ஹெட்போனை மாட்டினார்.

டிக். டிக். டிக்.

ஆபரேஷன் நடக்கும்போது நோயாளியின் விரலில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். நாடித் துடிப்புக்கு ஒரு தரம் அதிலிருந்து சத்தம் வரும். ரத்தத்தில் பிராணவாயு குறையக் குறைய அந்தச் சத்தத்தின் சுருதி இறங்கும். மயக்க மருந்துக்காரருக்கு அது சோற்றில் கை வைத்திருக்கும்போது கேட்டாலும் போதும், எழுந்து ஓடுவார்.

டிக். டிக். ஒரு படி இறங்கியது. இன்னொரு படி.

"மேடம், யாருக்கு இறங்குது?"

இன்னும் இரண்டு படி. சபாநாயகத்தின் கை துணிக்குள் கிடந்து இழுத்தது. யாரோ ஒருவருடைய நெஞ்சு தம் கைக்கெட்டும் தூரத்தில் நீலமாகிக்கொண்டிருக்கிறது, தமக்குக் கை இல்லை. "ஆக்சிஜனைத் திற, திறந்து விடு" என்று கத்தினார்.

ரெஜினா சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

துணி கிழிகிற மாதிரி பிய்த்துக்கொண்டு சபாநாயகம் எழுந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அறிவிருக்கா உங்களுக்கு? யார் அந்தப் பேஷண்ட்?"

"யாரும் இல்ல சார். மெஷின் கம்பெனிக்காரங்க கொடுத்த சாம்பிள் சத்தம்."

"இதை வச்சா விளையாடுறது? இருபத்தெட்டு வருஷம் சார் நான், இந்தச் சத்தத்தோட..." யாரைச் சார் என்கிறோம் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

"அதுல ஒரு கெட்ட வார்த்தை இருந்துச்சா சார்?" என்று ரெஜினா கேட்டார். "சுருதி சுத்தமாத்தான் இறங்குச்சு. எனக்கே தெரிஞ்சது."

சபாநாயகம் கண்கட்டை எடுத்து மடித்துக் கட்டிலில் வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "அப்ப, எந்தப் பாட்டைத்தான் போடுறது மேடம்?"

ரெஜினாவுக்கு அப்போதுதான் முகம் சிவந்தது.

"இன்னமும் என்கிட்டதான் கேக்குறீங்க. அந்தம்மா வெளியில பெஞ்சுல உக்காந்திருக்காங்க. அவங்க தம்பி வண்டி எடுக்கப் போயிருக்கான். சீக்கிரம் போங்க."

சபாநாயகம் போனார். பெஞ்சுக்கு எதிரே நின்றார். செண்பகவல்லி சுவரை விட்டுத் திரும்பவில்லை.

"உங்களுக்கு என்ன கேக்கணும்மா?"

"மூணு தடவை மருந்து ஏத்தினப்புறம் கேக்க வந்துட்டாரு."

"ஆமா. லேட்டுதான்."

"கல்யாணத்துக்கு முன்னாடி தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்தேன்" என்றாள். "அங்க ரேடியோல ஒரு சினிமாப் பாட்டு வரும். பொம்பளைப் பிள்ளைக எல்லாம் குச்சி அடுக்குறதை விட்டுட்டுச் சிரிப்போம். படம் பேரு தெரியாது. உங்களுக்கெல்லாம் பிடிக்காது."

"எனக்குப் பிடிக்க வேண்டாம். எப்படிப் போகும்?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வியாழக்கிழமை ஒரே ஒரு தடவை வர்றேன். அன்னிக்கும் உங்க இஷ்டத்துக்கு எதையாச்சும் போட்டீங்க, ஹெட்போனை எறிய மாட்டேன். உங்களைத்தான் எறிவேன்."

"சரிம்மா."

அவள் மெல்ல முனகினாள். முதல் அடியே சுருதியில் நிற்கவில்லை. இரண்டாவது அடி எங்கேயோ கிணற்றுக்குள் போய்விட்டது. தாளம் முன்னால் ஓடிற்று. பாடி முடித்துவிட்டு, என்ன சொல்லப் போகிறீர் என்பது போல அவரைப் பார்த்தாள்.

"பிடிபடலம்மா. இன்னொரு தடவை பாடுங்க" என்று சபாநாயகம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.